மூளைப் படங்களுக்கு ஒரு பொது ஏடு

(மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்குமான பாடக் கட்டுரை)

மனித உடலின் உறுப்புகளுள் மிக மறைவாக அமைந்தது மூளை. மண்டையோட்டைத் திறவாமல் உயிருள்ள ஒருவரின் மூளையைத் தெளிவாகக் காண்பது நெடுங்காலம் இயலாத செயலாகவே இருந்தது. இன்றோ அரை மணி நேரம் ஓர் இயந்திரத்தினுள் அசையாது படுத்திருந்தால், மூளையின் அமைப்பு முழுவதையும் படமாகப் பெற்றுவிடலாம். அவ்வியந்திரத்தைப் பற்றி எழுதுவோர் பலர். அது தந்த படம் எவ்வாறு எழுதி வைக்கப்படுகிறது, ஓர் ஊரில் எடுத்த படத்தை வேறொரு கண்டத்தில் உள்ளவர் எவ்வாறு பிழையின்றி வாசிக்கிறார் என்பனவற்றைப் பற்றி எழுதுவோர் சிலரே. மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்து பயன்பெறும் பொருட்டு அதனையே இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. படம் என்பது எண்களின் அடுக்கு

எம்.ஆர்.ஐ எனப்படும் காந்தப் பரிவுப் படமாக்கல், உடலின் நீரில் உள்ள ஐதரசன் அணுக்கருக்களைக் கொண்டு படம் எடுக்கும் முறையாகும். இம்முறையால் படம் பெறலாம் என்பதைப் போல் லோற்றபர் 1973இல் காட்டினார். இங்கிலாந்தின் பீற்றர் மான்ஸ்ஃபீல்ட் அதனை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆய்வகங்களில் இன்று பெரிதும் பயன்படும் இயந்திரங்களின் காந்தப்புலம் 3 டெஸ்லா ஆகும். இது புவியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 60,000 மடங்கு வலிமையுடையது.

ஒட்சிசன் உள்ள குருதியும் ஒட்சிசன் நீங்கிய குருதியும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையின் தொழிற்பாட்டையே படமாக்கலாம் என்பதைச் செய்ஜி ஒகாவா என்னும் அறிஞர் 1990இல் வெளியிட்டார். அதன் பின் மூளையை ஒருமுறை படம் எடுப்பதோடு நில்லாது, ஒருவர் படிக்கும்போதும் கேட்கும்போதும் விரலை அசைக்கும்போதும் சில வினாடிகளுக்கு ஒருமுறை மூளை முழுவதையும் படம் எடுக்கும் வழக்கம் பரவியது.

இப்படம் எதனால் ஆனது? மூளையைச் சிறுசிறு கனங்களாகப் பகுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு கனத்துக்கும் ஓர் எண் உண்டு. இச்சிறு கனத்தை வொக்சல் என்பர். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். அகலத்தில் 64, நீளத்தில் 64, உயரத்தில் 36 என வொக்சல்கள் உள்ளன என்க. 64 × 64 × 36 = 147,456. இரண்டு வினாடிக்கு ஒரு படம் என 10 நிமிடம் எடுத்தால் 300 படங்கள் கிடைக்கும். ஆகவே மொத்தம் 44,236,800 எண்கள். ஓர் எண்ணுக்கு 2 பைட்டு இடம் வேண்டுமெனின் 88,473,600 பைட்டுகள்.

கணனி இவற்றை ஒரே நீண்ட வரிசையில், இடைவெளியின்றி எழுதி வைக்கிறது. அவ்வரிசையைப் பார்ப்பவருக்கு அது மூளை என்றே தெரியாது. அகலம் 64 என்பதற்குப் பதிலாக 36 எனக் கொண்டு அடுக்கினால் படம் சிதைந்து வெறும் கோடுகளாகும். ஆதலால் எண்களோடு, அவற்றை எவ்வாறு அடுக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே இருத்தல் வேண்டும். கோப்பின் முற்பகுதியில் எழுதப்படும் அக்குறிப்பைத் தலைப்பகுதி என்பர். இக்கட்டுரையின் பொருள் முழுவதும் இத்தலைப்பகுதியைப் பற்றியதே.

2. ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் ஒவ்வோர் எழுத்து

தொடக்கத்தில் ஒவ்வோர் இயந்திர உற்பத்தியாளரும் தத்தமக்கு உகந்த முறையில் படங்களை எழுதினர். இந்நிலையை நீக்க அமெரிக்காவின் கதிரியக்க வைத்தியர் கல்லூரியும் மின் உற்பத்தியாளர் சங்கமும் 1983இல் கூட்டுக்குழு ஒன்றை அமைத்தன. 1985இல் அதன் முதல் நியமம் வெளிவந்தது. அதுவே 1993இல் டைகொம் என்னும் பெயருடன் விரிவடைந்து, இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் வழங்குகிறது.

டைகொம் வைத்தியசாலைக்கு ஏற்றது. நோயாளியின் பெயர், பிறந்த திகதி, இயந்திரத்தின் விபரம் எனப் பலவற்றையும் அது தாங்கி நிற்கும். ஆனால் மூளையை ஆராய்வோருக்கு அது பெருஞ்சுமையாயிற்று. அக்காலத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு கோப்பாகப் படம் வெளிவந்தமையால், மேலே நாம் கண்ட ஒருவரின் 10 நிமிடப் படமே பல்லாயிரம் கோப்புகளாகிவிடும். எனவே ஆய்வாளர் எளிய வடிவங்களை நாடினர். அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் உருவான அனலைஸ் என்னும் மென்பொருளின் கோப்பு வடிவம் அவற்றுள் பெரிதும் பரவியது. கனடாவின் மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தார் மிங்க் என்னும் வேறொரு வடிவத்தை ஆக்கினர். ஏஎஃப்என்ஐ என்னும் மென்பொருளும் தனக்கெனத் தனிவடிவம் கொண்டிருந்தது.

பெற்றோர்களுக்கு இந்நிலை புதிதன்று. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் கலந்த குவியலே தோன்றும். கட்டுரை அழியவில்லை. எழுதியவரின் அட்டவணையும் வாசிப்பவரின் அட்டவணையும் வேறாக இருந்தன, அவ்வளவே. தமிழுக்கு ஒருங்குறி என்னும் பொது அட்டவணை வழக்கத்துக்கு வந்த பின்னரே ஒரு நாட்டில் எழுதிய தமிழை மறுநாட்டில் தடையின்றி வாசிக்க முடிந்தது. மூளை ஆய்வாளர்களும் ஏறத்தாழ இதே இடர்ப்பாட்டையே எதிர்நோக்கினர். ஆனால் அவர்களுடைய இடர்ப்பாட்டில் இன்னுமோர் ஆபத்து மறைந்திருந்தது.

3. இடமா? வலமா?

பிழையான எழுத்துருவில் தோன்றும் தமிழைக் கண்டவுடனேயே பிழை எனத் தெரிந்துவிடும. மூளைப் படத்தின் பெரும் பிழையோ கண்ணுக்குத் தெரியாது. ஏனெனில் மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. தலைகீழாக அடுக்கப்பட்ட மூளையை எவரும் கண்டுபிடிப்பர். இடம் வலமாக மாறிய மூளையைத் தேர்ந்தவரும் உறுதியாகக் கூற இயலாது.

இதற்கு ஏற்கெனவே இரு மரபுகள் இருந்தன. கதிரியக்க வைத்தியர், நோயாளியின் காலடியில் நின்று நோக்குவது போலப் படத்தை வைப்பர். அப்போது நோயாளியின் இடப்பக்கம் படத்தின் வலப்பக்கத்தில் வரும். நரம்பியல் ஆய்வாளர் பலர், நோயாளியின் இடப்பக்கம் படத்திலும் இடப்பக்கமாகவே இருக்குமாறு வைப்பர். இரண்டும் சரியே. எந்த மரபு என்பது எழுதப்பட்டிருந்தால் குழப்பமில்லை. அனலைஸ் வடிவத்தின் தலைப்பகுதியில் இதனை ஐயமற எழுதப் போதிய இடமில்லை. ஆதலால் ஒரே கோப்பை ஒரு மென்பொருள் ஒருவாறும் மற்றொன்று வேறொருவாறும் கொள்ள நேர்ந்தது. சில ஆய்வகங்களில், படம் எடுக்குமுன் விற்றமின் ஈ எண்ணெய்க் குளிகை ஒன்றை ஒருவரின் தலையின் வலப்பக்கத்தில் ஒட்டிவைப்பர். அது படத்தில் ஒளிப்புள்ளியாகத் தெரியும். எங்கு புள்ளி உள்ளதோ அதுவே வலம். கோப்பின்மீது நம்பிக்கை வைக்க இயலாதபோது, குளிகையின்மீது நம்பிக்கை வைத்தனர்.

இடம் வலம் மாறினால் என்ன நேரும்? இடப்பாதி மூளையே வலக் கையை இயக்குகிறது. பேச்சுக்குரிய பகுதிகளும் பெரும்பாலானோருக்கு இடப்பாதியிலேயே உள்ளன. இதனைப் போல் புறோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1860களில் எடுத்துக்காட்டினார். இருபது பேரின் படங்களைச் சேர்த்துச் சராசரி காணும் ஆய்வொன்றில் பத்துப் படங்கள் மாறியிருந்தால், பேச்சுத்திறன் இரு பாதிகளுக்கும் சமமாக உரியது என்ற பொய் முடிபு கிடைக்கும். கணக்கில் பிழையிராது, கணனியிலும் பிழையிராது, முடிபு மட்டும் பிழையாகும். அம்முடிபை நம்பிப் பின்வருவோர் மேலும் ஆய்வு செய்வர்.

எம்மில் பலர் அகதிகளாகப் புலம்பெயர்ந்தபோது இதனையொத்த ஒன்றை அனுபவித்துள்ளோம். தந்தையின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுதல் எமது வழக்கு. படிவங்களிலோ முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள் இருந்தன. முன்னால் இருந்த பெயர் முதற்பெயராயிற்று. தந்தையின் பெயராலே மகனை அழைத்தனர். சிலருக்குச் சித்திரை மூன்றாம் நாள் என எண்ணில் எழுதிய பிறந்த திகதி, பங்குனி நான்காம் நாளாக வாசிக்கப்பட்டது. எழுதப்பட்ட எழுத்துக்களில் ஒன்றேனும் பிழையன்று. எதனை எதுவாகக் கொள்வது என்ற குறிப்பு மட்டுமே அங்கு இல்லை. அதனைத் திருத்தப் பலர் ஆண்டுக்கணக்காக அலைந்தனர். தலைப்பகுதி ஒன்றில் ஒரு சிறு குறிப்பு இல்லாமையின் விலை எத்தகையது என்பதை ஆய்வாளரைவிட நாம் நன்கறிவோம்.

4. ஒன்றுகூடி வகுத்த வடிவம்

இந்நிலையை நீக்கும் பொருட்டு அமெரிக்க தேசிய உளநல நிறுவகமும், தேசிய நரம்பியற் கோளாறுகள் மற்றும் பாரிசவாத நிறுவகமும் ஒரு முயற்சிக்கு ஆதரவளித்தன. அம்முயற்சியின் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே நிஃப்டி என்பது. 2003ஆம் ஆண்டில் அதன் கோப்பு வடிவக் குழு கூடிக் கலந்துரையாடியது. ஏஎஃப்என்ஐ மென்பொருளை ஆக்கிய றொபேட் கொக்ஸ், இலண்டனில் உருவான எஸ்பிஎம் மென்பொருளின் ஜோன் ஆஷ்பேணர், ஒக்ஸ்ஃபோட் பல்கலைக்கழகத்து எஃப்எஸ்எல் மென்பொருளின் ஸ்டீவன் ஸ்மித் ஆகியோர் அதில் பங்குகொண்டோருள் சிலர். இம்மென்பொருள்கள் தம்முள் போட்டியிடுபவை. எனினும் அவற்றை ஆக்கியோர் ஒரே வடிவத்தை ஏற்க உடன்பட்டனர்.

அவர்கள் முற்றிலும் புதிதான ஒன்றை ஆக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அனலைஸ் தலைப்பகுதியின் நீளம் 348 பைட்டுகள். நிஃப்டி-1இன் தலைப்பகுதியும் 348 பைட்டுகளே. பழைய வடிவத்தில் பயனின்றிக் கிடந்த இடங்களில் புதிய குறிப்புகளை எழுதினர். அதனால் பழைய மென்பொருள்கள் பல புதிய கோப்புகளையும் ஓரளவு வாசிக்க முடிந்தது. பழையன அறிந்தோர் தம் உழைப்பை இழவாமல் புதியதற்கு வந்து சேர்ந்தனர். அவ்வடிவம் விரைவாகப் பரவியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

5. 348 பைட்டுகளில் என்ன உள்ளது?

இனி அத்தலைப்பகுதியைத் திறந்து பார்ப்போம்.

முதல் நான்கு பைட்டுகளில் 348 என்னும் எண் எழுதப்பட்டிருக்கும். தன் நீளத்தைத் தானே கூறுவதன் பயன் யாது? கணனிகளுள் சில ஓர் எண்ணின் பெரிய இலக்கத்தை முதலில் எழுதும். சில சிறிய இலக்கத்தை முதலில் எழுதும். 348 = 1 × 256 + 92 ஆகையால் ஒரு வகைக் கணனி 0, 0, 1, 92 என எழுதும்; மற்றது 92, 1, 0, 0 என எழுதும். முறை மாறி வாசித்தால் 348 என்பது 1,543,569,408 ஆகிவிடும். அவ்வெண் வந்தால் வரிசை மாறியுள்ளது எனக் கணனி உணர்ந்து, எஞ்சியவற்றைத் திருப்பி வாசித்துக்கொள்ளும்.

அடுத்து, அகலம், நீளம், உயரம், காலம் ஆகியவற்றில் எத்தனை வொக்சல்கள் என்பதும், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீற்றர், எத்தனை வினாடி என்பதும் அலகுடன் எழுதப்படும். பின், எண்களின் வகை குறிக்கப்படும். இடத்தைச் சிக்கனப்படுத்த முழு எண்களாக எழுதிவிட்டு, உண்மைப் பெறுமானத்தை அறிய ஒரு பெருக்கியும் ஒரு கூட்டெண்ணும் தரப்படும். மாணவர்கள் வகுப்பில் கற்கும் நேர்கோட்டுச் சமன்பாடே இது. பெருக்கி 0.5, கூட்டெண் 10 எனின், கோப்பிலுள்ள 1,200 என்பதன் உண்மைப் பெறுமானம் 0.5 × 1,200 + 10 = 610 ஆகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது திசை. நிஃப்டி வடிவில் முதல் அச்சு வலப்பக்கமாகவும், இரண்டாவது முன்பக்கமாகவும், மூன்றாவது மேற்பக்கமாகவும் கூடிச்செல்லும் என விதித்தனர். வலம் என்பது படுத்திருப்பவரின் வலம், பார்ப்பவரின் வலமன்று. எண்கள் எவ்வரிசையில் எழுதப்பட்டிருந்தாலும், அவற்றை இவ்வச்சுகளுக்கு மாற்றும் சூத்திரம் தலைப்பகுதியிலேயே உண்டு. மொன்றியல் நிறுவகத்தின் பொது மூளை வரைபடத்தில் −50, 20, 10 மில்லிமீற்றர் என ஒரு புள்ளியைக் குறித்தால், முதல் எண் மறையாதலால் அது இடப்பக்கம். நடுப்புள்ளியிலிருந்து 20 மில்லிமீற்றர் முன்னே, 10 மில்லிமீற்றர் மேலே. அது புறோக்கா கண்ட பேச்சுப் பகுதியின் அண்மையில் உள்ளது. ரோக்கியோவில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் அப்புள்ளியை ஒரே இடத்தில் காண்பர்.

தலைப்பகுதியின் இறுதி நான்கு பைட்டுகளில் ஓர் அடையாளம் உண்டு. தலைப்பகுதியும் படமும் ஒரே கோப்பில் இருப்பின் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து, கூட்டற்குறி, 1 என்னும் இலக்கம் ஆகியன அங்கு எழுதப்படும். இது நிஃப்டிக் கோப்பே, பழைய அனலைஸ் கோப்பன்று என்பதற்கு அதுவே சான்று. பின் நான்கு பைட்டுகள் விட்டு, வழமையாக 352ஆம் பைட்டின் பின் எண்கள் தொடங்கும். நாம் முன்னர் கணக்கிட்ட 88,473,600 பைட்டுப் படத்துக்கு முன்னுரை வெறும் 352 பைட்டுகளே. அம்முன்னுரை இன்றேல் எஞ்சியவை அனைத்தும் பொருளற்றவை.

6. குறைகளும் திருத்தங்களும்

எவ்வடிவமும் என்றென்றைக்கும் போதுமானதன்று. நிஃப்டி-1இல் ஒவ்வோர் அச்சின் நீளத்தையும் 2 பைட்டுகளில் எழுதினர். ஆகவே 32,767க்கு மேற்பட்ட எண்ணை எழுத இயலாது. மூளையின் மேற்பரப்பைப் புள்ளிகளாகப் பகுத்து ஆராயத் தொடங்கியபோது இது தடையாயிற்று. மனித மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் பெருந்திட்டம் ஒன்று, ஒருவரின் மூளைக்கு 91,282 புள்ளிகளைப் பயன்படுத்துகிறது. எனவே 2011இல் நிஃப்டி-2 வகுக்கப்பட்டது. அதன் தலைப்பகுதி 540 பைட்டுகள். நீளங்களுக்கு 8 பைட்டுகள் ஒதுக்கப்பட்டன.

திசையை எழுதுவதற்கும் ஒன்றுக்குப் பதில் இரு சூத்திரங்களுக்கு இடமளித்திருந்தனர். ஒன்று, இயந்திரத்தினுள் தலை இருந்த நிலையைக் கூறுவது. மற்றது, பொது வரைபடத்துடன் பொருத்துவது. இரு தேவைகளும் உண்மையானவையே. ஆயினும் இரண்டும் முரண்படுமாயின் ஒரு மென்பொருள் ஒன்றையும் வேறொன்று மற்றதையும் ஏற்கக்கூடும். பலரும் உடன்படுவதற்காகத் திறந்து வைத்த வாசலினூடே பழைய குழப்பத்தின் ஒரு துளி உள்ளே வந்துவிட்டது எனலாம். இன்றும் கவனமுள்ள ஆய்வாளர் இரண்டையும் ஒப்புநோக்கியே தொடங்குவர்.

இன்னுமொரு குறை, படத்தைத் தவிர்ந்த செய்திகளுக்கு அங்கு இடம் மிகக் குறைவு. தன்விருப்பமான குறிப்புக்கு 80 எழுத்துகளே உண்டு. படம் எடுக்கும்போது ஒருவர் என்ன செய்தார், எந்த வினாடியில் எச்சொல் காட்டப்பட்டது என்பனவற்றை எங்கே எழுதுவது? இதற்காக 2016இல் பிட்ஸ் என்னும் ஒழுங்குமுறை வெளியிடப்பட்டது. அது புதிய படவடிவமன்று. கோப்புகளுக்கு எவ்வாறு பெயரிடுவது, எக்கோப்புறையில் வைப்பது, உடன் எழுதவேண்டிய குறிப்புகள் எவை என்பவற்றை வகுக்கும் ஒழுங்கு. படம் நிஃப்டியிலேயே இருக்கும். குறிப்புகள், எவரும் திறந்து வாசிக்கக்கூடிய எளிய உரைக் கோப்புகளாக அருகில் இருக்கும்.

7. திறந்த வடிவம் என்பதன் பொருள்

ஒரு வடிவம் திறந்தது எனின், அதன் விதிகள் முழுவதும் யாவருக்கும் வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டுள்ளன என்பது பொருள். நிஃப்டியை வாசித்து எழுதுவதற்கான மாதிரி நிரல்களையும் பொதுவுடைமையாகவே வெளியிட்டனர். விலையில்லை; அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகையால் பெரிய ஆய்வகமற்ற நாட்டின் மாணவனும் சாதாரணக் கணனியில் அதே படங்களை ஆராயலாம். ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் அதன் படங்கள் வாசிக்க முடியாதனவாகிவிடா.

பிரித்தானியாவின் யூகே பயோபாங்க் திட்டம் 2014இல் படம் எடுக்கத் தொடங்கி, 2025இல் 100,000 பேரை எடுத்து முடித்தது. அதன் மூளைப் படங்கள் நிஃப்டி வடிவிலும் ஆய்வாளர்க்கு வழங்கப்படுகின்றன. ஓப்பன் நியூரோ என்னும் பொதுக் களஞ்சியமோ பிட்ஸ் ஒழுங்கில் அமைந்த ஆய்வுகளை எவருக்கும் இலவசமாக வழங்குகிறது. ஒருவர் கண்ட முடிபை மற்றொருவர் அதே படங்களைக் கொண்டு சோதித்துப் பார்க்க இதனால் இயலுகிறது.

திறந்திருத்தல் என்பது எல்லாவற்றையும் வெளியிடுதல் அன்று. டைகொம் கோப்பில் உள்ள பெயரும் பிறந்த திகதியும் பகிருமுன் நீக்கப்பட வேண்டும். தலையின் படத்திலிருந்து முகத்தையும் மீள உருவாக்கலாம் ஆதலால், முகத்துக்குரிய வொக்சல்களையும் அழித்தே பொதுவில் வைப்பர். எழுதும் முறை பொதுவாக இருக்கலாம். மனிதரின் அந்தரங்கம் அவருக்கே உரியது.

8. நாம் கற்க வேண்டியது

மாணவர்களே, ஓர் அளவை அலகின்றி எழுதினால் ஆசிரியர் புள்ளி குறைப்பது ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும். எழுதியவர் அருகில் இருக்கும்வரை குறிப்புத் தேவையில்லை, கேட்டறியலாம். எழுத்து அவரைவிட்டுப் பயணம் செய்யத் தொடங்கியதும் அதன் விளக்கமும் அதனுடனேயே செல்ல வேண்டும். பரிசோதனைக் குறிப்பேட்டுக்கு மாத்திரமன்றி வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களுக்கும் இது பொருந்தும். இன்னார், இன்ன ஊர், இன்ன ஆண்டு எனப் புகைப்படத்தின் பின்புறத்தில் எழுதி வைக்குமாறு பெற்றோரையும் பேரன் பேர்த்தியரையும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லக்கூடியவர்கள் எம்முடன் இருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.

பயிற்சி வினாக்கள்

1. அகலம் 80, நீளம் 80, உயரம் 40 வொக்சல்கள் கொண்ட படம் 200 தடவை எடுக்கப்பட்டது. ஓர் எண்ணுக்கு 2 பைட்டு எனின், 352 பைட்டு முன்னுரையையும் சேர்த்துக் கோப்பின் நீளம் யாது?

2. பெருக்கி 0.25, கூட்டெண் 5 எனின், கோப்பில் 800 என எழுதப்பட்ட எண்ணின் உண்மைப் பெறுமானம் யாது?

3. 40, −60, 20 என்னும் புள்ளி மூளையின் எப்பக்கத்தில் உள்ளது? முன்னா, பின்னா?

4. பழைய வடிவத்தின் 348 பைட்டு நீளத்தை மாற்றாது விட்டதன் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் கூறுக.

5. உம் வீட்டில் உள்ள பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து, அதற்குரிய தலைப்பகுதியைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதுக. தெரியாதவற்றை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு நிரப்புக.